மிச்சப்பால்

தோல்கன்னு முதன்முதலாக வாலை ஆட்டிய காலையில் மயிலாத்தாள் செவலையின் மடிக்கடியில் குந்திப் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள், போசி பாதிக்குமேல் நிறைந்திருந்தது, சொசைட்டி வண்டி வருகிற நேரமும் ஆகிவிட்டது, ஆகவே எழுந்துபோய் யாரையும் கூப்பிட அவளால் முடியவில்லை. வைக்கோல் அடைத்த வயிறும், வேலாங்குச்சிக் கால்களும், பனியன் கம்பெனியில் மிஞ்சிய கறுப்புப் பொத்தான் கண்களுமாகச் செவலையின் முகத்துக்கு நேரே நிறுத்திவைத்திருந்த அந்த உருவத்தின் முதுகில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது, உருவம் தன் வாலை ஒரு வீசு வீசி அதை விரட்டியது. மயிலாத்தாள் பார்த்தாள். கையை நிறுத்தாமல் மீதிப் பாலையும் பீய்ச்சி, போசியைத் தூக்கி மேட்டில் வைத்துவிட்டுத்தான், "ஏனுங்க, இங்க வந்து இதக் கொஞ்சம் பாருங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

நாட்ராயன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி கட்டுத்தரைக்கு வந்து நின்றார். ஈ மறுபடியும் உட்கார்ந்தது, வால் மறுபடியும் வீசியது. "வால நல்லாத்தான் தெச்சிருக்கறான் ரங்கன்" என்று சொல்லிவிட்டு அவர் வாய் கொப்பளிக்கப் போனார்.

தாராபுரத்துக்குத் தெற்கே காற்றாலைகளுக்கு நடுவில் கிடக்கிற எருக்கலாம்பாளையத்துக்காரர்களை லேசில் ஆச்சரியப்படுத்திவிட முடியாது. பனைமரத்தைக் குட்டையாக்கிவிடுகிற உயரத்தில் அந்த இரும்பு றெக்கைகளை நட்டபோதுகூட, கொஞ்சநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்புறம் அவற்றின் நிழலில் ஆட்டைக் கட்டத் தொடங்கியவர்கள் அவர்கள். கன்று செத்துப்போனால் பசு பால் இறக்காது என்பதும், செத்த கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தேய்த்துக் காயவைத்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து முன்னால் நிறுத்தினால் பசு அதை நக்கிக்கொண்டே மடியை இறக்கிவிடும் என்பதும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை, பசுவும் கேட்டதில்லை.

செவலை போட்டது காளைக்கன்று. உழுவதற்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்துவிட்ட ஊரில் காளைக்கன்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. கெடாரிக்கன்று என்றால் நாளைக்குக் கறக்குமே என்று ஒரு காம்பை அதற்கென்று விட்டுவைப்பார்கள். காளைக்கன்றை முதலில் கொஞ்சம் ஊட்டவிட்டு, மடி இறங்கியதும் பிடித்திழுத்துத் தூணில் கட்டிவிட்டு, கடைசிச் சொட்டுவரை பீய்ச்சிக்கொண்டு, அப்புறம் அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடிவந்து வற்றிய மடியை முட்டி முட்டிப் பார்க்கும். மயிலாத்தாளும் அப்படித்தான் செய்தாள். கொல்ல வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. மிஞ்சியதைக் கொடுத்தாள், மிஞ்சியது போதவில்லை, ஒரு மத்தியானம் கன்று தூணோரம் சாய்ந்து கிடந்தது.

ரங்கன் வந்துதான் தோலை உரித்தார். ஊர்க்கோடிப் புறம்போக்கில் வேலாமர நிழலில் குந்தி, கோணி ஊசியில் சணல்நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தவருக்குச் சொம்பில் மோர் கொண்டுபோனாள் மயிலாத்தாள். அவர் நிமிராமலே சொன்னார்: "வயித்துல ஒண்ணுமே இல்லீங்க. கொஞ்சம் மண்ணு. அப்புறம் ஒரு சாக்குத் துண்டு."

"கன்னுக மண்ணு திங்கறதுதானே ரங்கா."

"திங்குமுங்க" என்றார் அவர், நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு அடுத்த தையலுக்குப் போனார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு மோர்ச் சொம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது மயிலாத்தாளுக்கு முதுகு கூசியது. பின்னாலிருந்து யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது, திரும்பினால் வேலாமரம்தான் நின்றது.

செவலை நக்கினாள். காலையில் நக்கினாள், அந்தியில் நக்கினாள், தீனித்தொட்டியில் பருத்திக்கொட்டை ஊறிக் கிடக்க அதை விட்டுவிட்டு நக்கினாள், தையல்போட்ட வயிற்றை நக்கினாள், பொத்தான் கண்ணை நக்கினாள், உயிரோடிருந்த கன்றை நக்க நேரமில்லாமல் பிடித்திழுத்துக் கட்டிவிட்டார்களே, அந்தப் பாக்கியையும் சேர்த்து நக்கினாள், நக்கின இடமெல்லாம் உலர்ந்த மயிர் படிந்து மினுங்க ஆரம்பித்தது. அப்படி நக்கி நக்கித்தான் வால் வந்தது. வாலுக்குப் பிறகு காது, காதுக்குப் பிறகு கழுத்து. ஒரு வெள்ளிக்கிழமை, மயிலாத்தாள் விளக்கு மாடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கையில், வேலாங்குச்சிக் கால்கள் நான்கும் டக்கு டக்கென்று வாசல் கல்லில் நடந்துபோகிற சத்தம் கேட்டது. துணியும் கையுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊருக்கு வந்த அதிசயம் தனக்குக் குழிபறிக்கத்தான் வந்திருக்கிறது, வயிற்றில் மண்ணோடு செத்தது எழுந்து நடந்து யாரிடமாவது சொல்லிவிடும் என்று அவள் பயந்தாள்.

ஊருக்கு அப்படியொரு பயமும் இல்லை. கோமாரி ஊசி போட வந்த கால்நடை டாக்டர் அதன் விலாவில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வைக்கோல் சலசலக்கற சத்தந்தான் கேக்குது" என்றார், ஆனாலும் நாலு காலும் ஒரு வாலும் இருந்தால் ஊசி போடச் சொல்லித்தான் உத்தரவு என்று போட்டுவிட்டுப் போனார், மருந்து தையல்வழியே கசிந்து ஒழுகியது. மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய், இது செத்ததா உயிரோடிருப்பதா, கோயில் வாசலில் கட்டலாமா என்று கேட்டார்கள். அவர் ரொம்ப யோசித்து, "சாணி போடுதா?" என்றார். இல்லை என்றார்கள். "அப்பக் கட்டலாம், வாசல் கூட்டறவளுக்குச் சுளுவு" என்று தீர்ப்புச் சொன்னார். ஆடிக் காற்றில் அது நிற்கமாட்டாமல் தெருவோடு சறுக்கிக்கொண்டு போனதால் ரங்கனைக் கூப்பிட்டு வயிற்றைப் பிரித்து நாலைந்து கூழாங்கல்லைப் போட்டுத் தைத்தார்கள். மழை வந்தால் உரச்சாக்கைப் போர்த்தினார்கள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற வைக்கோலை இழுத்துத் தின்ன வெள்ளாடுகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சிரிப்பும் பழகி நின்றுபோனது. அது மடியில் வாய்வைத்துச் சப்பினால், சப்பின பால் வயிற்றுத் தையலில் சொட்டுச் சொட்டாக வடியும், அது போகிற வழியெல்லாம் எறும்பு வரிசைகட்டும். எறும்பைப் பார்த்தே கன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஏனென்றால் அதற்குள் அது வீடுவீடாகப் போக ஆரம்பித்திருந்தது. கன்று செத்த வீட்டுக்காரர்களெல்லாம் ரங்கனைத் தேடிப் போவதை விட்டுவிட்டு மயிலாத்தாள் வாசலில் வந்து நின்றார்கள். முதுகில் உப்புத்தண்ணியும் கருப்பட்டிப் பாகும் தடவிவிட்டால் எந்தப் பசுவும் அதை நக்கியது, நக்கியபின் தன் கன்று என்று எடுத்துக்கொண்டது, மடியை இறக்கியது. ஒரு வீட்டில் சில வாரம், அடுத்த வீட்டில் சில வாரம் என்று ஊர்ப்பசுக்களெல்லாம் அதற்கு வளர்ப்புத்தாய் ஆயின. மயிலாத்தாள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. தன் கட்டுத்தரையை விட்டு அது வெளியே இருக்கிற நாளில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

முதலில் கவனித்தது பழனாத்தாள். அவளுடைய கறுப்பி உதைக்கிற மாடு. கன்று அவள் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனதும், அங்கே பால் பீய்ச்சக் குந்தினவளைக் கன்று பின்னங்காலால் ஒரு உதைவிட்டது. அது கறுப்பியின் உதையேதான், இடதுகாலை முன்னே இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் விடுகிற உதை. அடுத்து, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன சாமியப்பன் வீட்டுக்குப் போய்வந்தபிறகு, விசில் கொடுத்தாலொழிய அது இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு விசிலுக்கு நின்றது, ரெண்டு விசிலுக்கு நடந்தது. சாமியப்பனின் மாடு அப்படித்தான் பழகியிருந்தது, ஊர் சிரித்து ஓய்ந்தது.

அப்புறம் அது ஈஸ்வரன் வீட்டுக்குப் போனது. ஈஸ்வரன் நல்ல மனுஷன் என்றுதான் பேர், கோயில் வரியை முதலில் கட்டுகிறவன், எல்லோரையும் வாங்க போங்க என்று பேசுகிறவன். அவன் வீட்டிலிருந்து வந்த கன்று, யாராவது தலைசொறியக் கையைத் தூக்கினால்கூட, கழுத்தைச் சட்டென்று தாழ்த்தி ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டது. பைப்படியில் தண்ணி பிடிக்க நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஈஸ்வரன் பெண்டாட்டி சரோஜாவும் குடத்தோடு நின்றிருந்தாள். யாரோ கொண்டையை முடிய இரண்டு கையையும் தூக்கினார்கள், கன்று கழுத்தைத் தாழ்த்தியது, சரோஜாவும் தாழ்த்தினாள், இரண்டும் ஒரே பக்கம். பைப்படியில் வைத்த குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் சரோஜாவின் அண்ணன்மார் உடுமலையிலிருந்து வந்து ஈஸ்வரன் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, காப்பித்தண்ணி குடித்துவிட்டு, அவனைத் தனியாகத் தோட்டத்துப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சே கிளம்பிவிட்டது. எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து, "கன்னு வருதாமா" என்பார்கள், குரல் அடங்கிவிடும். தங்கள் முறை வருகிறது என்றால் கட்டுத்தரையைச் சாணிபோட்டு மெழுகினார்கள், மாட்டை வாஞ்சையாகத் தடவினார்கள், மாமியார்கள் மருமகள்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். கன்று போனபிறகு எல்லாம் பழையபடிதான். ஆனால் அந்தச் சில வாரத்துக்கு எருக்கலாம்பாளையத்தில் அப்படியொரு மரியாதை நிலவியது.

"ஏக்கா," என்று ஒருநாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகையில் பழனாத்தாள் மயிலாத்தாளிடம் கேட்டாள், "ஊர்ல ஒவ்வொருத்தரு ஊட்டு லச்சணத்தையும் எடுத்துட்டு வருதே, அது பொறந்து வளந்தது உங்கூட்ல, உங்கூட்ல இருந்து என்னத்தக் கத்துக்கிச்சு?"

மயிலாத்தாள் காலிப் போசியைக் கை மாற்றிப் பிடித்தாள். கூட வந்த நாட்ராயன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடக்கத்தக் கத்துக்கிச்சு. வேற என்ன? எங்கூட்டுக் கன்னாட்ட அடக்கமான கன்னு ஊருக்குள்ள இருக்குதா சொல்லு."

பழனாத்தாளும் அது வாஸ்தவம்தான் என்றாள். எந்த வீட்டுக் கிறுக்கை எடுத்துவந்தாலும், மயிலாத்தாள் கட்டுத்தரைக்குள் காலை வைத்ததும் அது ஒருநாள் இரண்டுநாளில் தெளிந்துவிடும். அப்புறம் அதன் சொந்தக் குணம் ஒன்றே ஒன்றுதான். பால் பீய்ச்சுகிற நேரத்தில் அதைக் கட்டிவைக்கவே வேண்டியதில்லை, தானாகத் தூணோரம் போய் ஒட்டி நின்றுகொள்ளும். அவிழ்த்துவிட்ட கன்று மடிக்கு ஓடாமல் நிற்பதை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. பீய்ச்சி முடித்துப் போசியை எடுத்த பிறகும் வராது, ஒருதரம் கூப்பிட்டாலும் வராது. இரண்டாம்தரம் கூப்பிட்டால், முதலில் மயிலாத்தாளின் முகத்தை ஒரு பார்வை பார்க்கும், அப்புறம் மெல்ல வந்து, வற்றின காம்பில் இரண்டு வாய் சப்பிவிட்டு, தானே விலகிப்போய்விடும்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. மண்ணைத் தின்று காட்டவில்லை, வற்றிய மடியை முட்டிக்காட்டவில்லை, அடக்கமாக நிற்கிறது, அவ்வளவுதானே. அப்படி நினைத்துக்கொண்டு மார்கழிப் பனியில் ஒரு விடியலில் போசியோடு எழுந்தவள், தூணோரம் நின்ற அந்தப் பொத்தான் கண்கள் தன் முகத்தைப் பார்த்த பார்வையில் அப்படியே குத்துக்கல்லாக நின்றுவிட்டாள். இப்போ வரலாமா, இன்னும் யாருக்காவது வேண்டியிருக்கா என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். அது கன்றினுடையது இல்லை. சமையற்கட்டு நிலையோரம், கையில் வட்டிலை வைத்துக்கொண்டு, அவளுடைய வீட்டிலேயே வருஷக்கணக்காக நின்ற பார்வை அது.

மணியின் பார்வை. முழுப்பேர் திலகமணி. மயிலாத்தாளின் தங்கை ருக்குமணி பெற்றுப்போட்டுவிட்டு மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்தபோது அது கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத குழந்தை, அப்பன்காரன் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டான். மயிலாத்தாளுக்கு அப்போது மார்பில் மகன் கதிர் இருந்தான், மணியைவிடச் சில மாதம் மூத்தவன். மடியில் இரண்டையும் போட்டுக்கொண்டாள். ஊரே மெச்சியது. தங்கச்சி குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்து வளர்த்தவள் என்று இன்றைக்கும் பேர் இருக்கிறது, அது பொய்யும் இல்லை.

ஆனால் முதலில் கதிர். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கமும் அவன், அவன் வயிறு நிறைந்து காம்பைத் துப்பிவிட்டுத் தூங்கினபிறகு மணி. மார்பு வற்றியிருந்தால் சர்க்கரைத்தண்ணி. வளர்ந்தபிறகும் அதே வரிசைதான். கோழிக்கறி ஆக்கினால் ஈரலும் தொடையும் அவனுக்குப் போட்டுவிட்டு அப்புறம் இவளுக்கு, பள்ளிக்கூடம் திறந்தால் அவனுக்குத் துணி எடுத்துவிட்டு அப்புறம் இவளுக்கு. மயிலாத்தாள் அந்தப் பிள்ளையை அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை, இல்லை என்று சொன்னதேயில்லை. அப்புறம் கொடுத்தாள், அவ்வளவுதான். அதிலேயே அந்தப் பிள்ளை நிலையோரம் நின்று முகம் பார்க்கக் கற்றுக்கொண்டது. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. வருகிறவர்களெல்லாம், "அந்தப் புள்ள என்ன அடக்கம், நீ வளத்த வளப்பு அப்படி" என்றபோது மயிலாத்தாள் பெருமையாகச் சிரித்தாள். நடை பழகின வயதில் மணி சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பும் மண்ணும் தின்பாள். குழந்தைகள் மண் தின்பதுதானே என்று மயிலாத்தாள் அவள் விரலில் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள்.

கட்டுத்தரையில் நின்ற மயிலாத்தாள் போசியைக் கீழே வைத்தாள். செத்த கன்று காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த இத்தனை மாதமும் தப்பான இடத்தில் காவல் காத்திருக்கிறோம் என்று புரிந்தது. செவலை அந்தத் தோலுக்கு நக்கி நக்கி உயிரைக் கொடுத்தாள். ஆனால் உயிர் வந்தபிறகு எப்படி நிற்பது, எப்போது வருவது, எவ்வளவு போதும் என்பதை இந்த வீட்டிடம்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது, இந்த வீட்டுக்கு வளர்க்கத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான். அன்றைக்குச் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகவில்லை அவள். உடம்பு சுகமில்லை என்று நாட்ராயனை அனுப்பிவிட்டு, அடுப்பங்கரையில் நிலையோரம், மணி நிற்கிற இடத்தில் போய்க் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் அடுப்படியில் எல்லாம் தெரிந்தது. யாருக்கு எதைப் போடுகிறார்கள், சட்டியில் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தது.

பொங்கலுக்கு மணி வந்தாள். பல்லடத்துப் பக்கம் ஒரு மில்லில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். கோயமுத்தூரிலிருந்து கதிரும் வந்து கட்டிலில் செல்போனோடு கிடந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மயிலாத்தாள் ஒரே ஒரு இலையைப் போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றி, வடையில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்து, "மணி, வா சாமி, உக்காரு" என்றாள்.

மணி நிலையோரம் நின்றாள். "அண்ணன் உண்ணுட்டுங்க பெரீம்மா. நான் அப்புறமா உண்டுக்கறேன்."

"அவன் கெடக்கறான். நீ உக்காரு."

"எனக்குப் பசியில்லீங்க பெரீம்மா." கோபமில்லை, ரோஷமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அண்ணா, எந்திரிச்சு வா, ஆறிப்போகுது." கதிர் எழுந்து வந்து அந்த இலையில் உட்கார்ந்து, ஃபோனைப் பார்த்தபடியே சாப்பிட்டான். மணி தண்ணீர் மொண்டு வைத்தாள். எல்லோரும் உண்டு முடித்து, நாட்ராயனும் கை கழுவினபிறகு, சட்டியில் இருந்ததை வட்டிலில் போட்டுக்கொண்டு சமையற்கட்டு மூலையில் உட்கார்ந்தாள். மயிலாத்தாள் இன்னொரு வடையைக் கொண்டுபோய் வைத்தாள். "வேண்டாங்க பெரீம்மா, போதும்" என்று அவள் கையால் வட்டிலை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பட்டிப்பொங்கல். வருஷத்தில் அந்த ஒருநாள் எருக்கலாம்பாளையத்தில் காலைப்பால் மொத்தமும் கன்றுகளுக்குத்தான். சொசைட்டி வண்டி ஊருக்குள் வராது, யாரும் போசி கழுவமாட்டார்கள். விடிந்ததும் எல்லாக் கட்டுத்தரையிலும் கன்றுகளை அவிழ்த்துவிட, அதுகள் திக்குமுக்காடிப்போய் மடியை முட்டி, வாயில் நுரை ததும்பத் ததும்பக் குடிக்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்கும். பொங்கலுக்குப் பால் வேண்டுமே என்று போன வருஷம்வரை மயிலாத்தாள் அன்றைக்கும் ஒரு சொம்பு முன்னாலேயே பீய்ச்சிக்கொள்வாள், எத்தனையோ வீட்டில் அப்படித்தான், அதை யாரும் பெரிசாக நினைப்பதில்லை. இந்த வருஷம் அவள் சொம்பைத் தொடவில்லை. செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சிவப்புப் பூசி, கழுத்தில் ஆவாரம்பூ மாலையைக் கட்டிவிட்டு, வெறுங்கையோடு ஒதுங்கி நின்று, "வா" என்று தோல்கன்னைக் கூப்பிட்டாள்.

அது தூணோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தது.

"வா கண்ணு. இன்னைக்கு உனக்குத்தான். எல்லாம் உனக்குத்தான்."

வரவில்லை. கழுத்தைத் தடவினாள், பின்னாலிருந்து தள்ளினாள், காம்பை நனைத்து வாய்க்கு நேரே காட்டினாள். கூழாங்கல் வயிறோடு அது அசையாமல் நின்றது. செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். மடி விம்மி, காம்புகள் நாலும் விறைத்துப்போயிருந்தன. பக்கத்துக் கட்டுத்தரையிலிருந்து கன்று ஒன்று சளப்சளப்பென்று குடிக்கிற சத்தம் கேட்டது. கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்த மணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ கூப்பிட்டுப் பாரு மணி. உங்கிட்டயாச்சும் வருதான்னு."

"நான் கூப்பிட்டா வராதுங்க பெரீம்மா." மணி கன்றைப் பார்த்தே பேசினாள். "நீங்க பீச்சி முடிச்சு, போசிய எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்போணும். அப்பத்தான் வரும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

மணி கிண்ணத்திலிருந்த கோலப்பொடியை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

மயிலாத்தாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "மணி, உனக்கு நான் பண்ணுனது தப்பு சாமி."

"என்னங்க பெரீம்மா இது, நல்லநாளு அதுவுமா." அவள் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தாள். "நீங்க எனக்கு என்ன கொற வெச்சீங்க? எல்லாமேதான் குடுத்தீங்க."

"கடைசீல குடுத்தேன்."

"குடுத்தீங்கல்ல" என்றாள் மணி, முந்தானையால் பெரியம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, கோலம்போட வாசலுக்குப் போய்விட்டாள். அவள் மனசார அதை நம்பித்தான் சொன்னாள், அதுதான் மயிலாத்தாளுக்குத் தாங்கவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு கிடந்திருப்பாள்.

வெயில் ஏறியது. செவலையால் நிற்கமுடியவில்லை, காலை மாற்றி மாற்றி வைத்தாள், பால் தானாகவே மண்ணில் சொட்ட ஆரம்பித்தது. கன்று நகரவில்லை. பீய்ச்சாவிட்டால் மாடு சீக்குப்படும், பீய்ச்சினால் அது மறுபடியும் மிச்சத்துக்குத்தான் வரும், வேறு வழி எதுவும் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. கடைசியில் மயிலாத்தாள் உள்ளே போய்ப் போசியை எடுத்துவந்து மடிக்கடியில் குந்தினாள். பட்டிப்பொங்கலன்று பால் பீய்ச்சுகிற சத்தம் ஊருக்கே கேட்கும், கேட்டுவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. ஆனால் பாதிதான் பீய்ச்சினாள். இரண்டு காம்பைத் தொடவேயில்லை, அந்தப் பக்கத்து மடி பாறையாக நிறைந்து கிடந்தது. போசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மணி சொன்னபடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

பின்னால் வேலாங்குச்சிக் கால்கள் நடந்துவருகிற சத்தம் கேட்டது. செவலை பெருமூச்சு விட்டாள். மயிலாத்தாள் பொறுக்கமாட்டாமல் திரும்பிப் பார்த்தாள். கன்று, நிறைந்து கிடந்த அந்தப் பக்கத்து மடியில்தான் வாயை வைத்திருந்தது. காம்பிலிருந்து பால் பீறிட்டு அதன் பொத்தான் கண்ணெல்லாம் தெறித்தது. அது வழக்கம்போல இரண்டு வாய் சப்பியது, அவள் முகத்தை ஒருதரம் பார்த்தது, போதும் என்று வாயை எடுத்துக்கொண்டு தூணோரம் போய் நின்றுகொண்டது.